முதுகு டாக்டருக்கு, கால் எனக்கு

பஞ்சுக்கை என்று அவளுக்குப் பேர் வைத்தவர்கள் அவளுடைய வாடிக்கையாளர்கள். புருவத்தில் நூல் ஓட்டினாலும் சரி, முகத்துக் கரும்புள்ளிகளைப் பிதுக்கி எடுத்தாலும் சரி, அவள் கை பட்ட இடத்தில் வலி தெரியாது என்று ஒருத்தி இன்னொருத்தியிடம் சொல்லி, அந்த இன்னொருத்தி தன் அலுவலகம் முழுவதும் சொல்லி, அப்படித்தான் மாடியில் இருந்த அந்த அழகு நிலையம் நிரம்பியது. கீழே மூக்குக்கண்ணாடிக் கடை. பக்கவாட்டில் இருவர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டிய குறுகலான படிக்கட்டு. மேலே கண்ணாடிக் கதவு, அதற்கு அப்பால் இரண்டு அறைகள்.

யாரும் அவளுக்கு முறையாகச் சொல்லிக்கொடுத்ததில்லை. கல்யாணத்துக்கு முன்பு ஒரு தோல் மருத்துவமனையில் உதவியாளராக இருந்தாள். அங்கே ஒரு பெரிய டாக்டர் இயந்திரத்தைத் தவறாக முடுக்கி ஒரு பெண்ணின் கன்னம் வெந்துபோனபோது, விசாரணைத் தாளில் ‘உதவியாளரின் கவனக்குறைவு’ என்று ஒரே வரி எழுதப்பட்டது. அந்த வரியோடு அவளை வீட்டுக்கு அனுப்பினார்கள். தன் பக்கம் காட்ட அவளிடம் ஒரு துண்டுக் காகிதம் கூட அன்று இல்லை. அதற்குப் பிறகு அவள் எந்தக் காகிதத்தையும் தூக்கிப் போட்டதில்லை. இயந்திரம் வாங்கிய ரசீது, பழுது பார்த்தவன் கொடுத்த சீட்டு, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட ஒப்புதல் தாள், தண்ணீர்க் கேன் போடுகிறவன் தரும் பில் வரைக்கும் உறைகளில் போட்டுச் சுவரோரம் அடுக்கி வைத்திருந்தாள். புத்தகங்களை வாங்கிப் படித்தாள். தெரியாத சொல்லை அடிக்கோடிட்டு, அகராதியில் தேடி, ஓரத்தில் எழுதிவைத்தாள். டாக்டர்கள் என்ற இனத்தின் மீது மட்டும் அவளுக்கு ஒரு சந்தேகக் கண் எப்போதும் இருந்தது.

ஆனாலும் வாரத்தில் ஒரு நாள் உள்ளறையை ஒரு டாக்டருக்கு வாடகைக்கு விட்டிருந்தாள். புதன்கிழமை மட்டும் வருவதால் அவர் புதன்கிழமை டாக்டர். மரு, மச்சம், கொழுப்புக் கட்டி என்று சின்னச் சின்ன அறுவைகள் செய்வார். மெலிந்த, பொறுமையான ஆள். அறைக்குள் வருவதற்கு முன்பே நிபந்தனைகளோடுதான் வந்தார். ஒரு மூலையில் ஆக்சிஜன் உருளை நிற்க வேண்டும். அவருடைய அவசரப் பை கைக்கு எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். பக்கத்து மருத்துவமனையின் எண் சுவரில் ஒட்டப்பட்டிருக்க வேண்டும். கடைசியாக ஒன்று சொன்னார்.

“வலி தெரியாம இருக்க மரப்பு க்ரீம் போடறதா இருந்தா மருந்துக்கடையில கிடைக்கிற டியூப் மட்டும் போடுங்க. உள்ளங்கை அளவு இடத்துக்கு மேல வேண்டாம். போட்டா எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிடுங்க.”

“முகத்துக்குப் போடற க்ரீம்தானே சார்,” என்றாள் அவள்.

“க்ரீம் இல்லைங்க. ஊசில போற அதே மருந்துதான். இது தோல் வழியா போகுது, அவ்வளவுதான் வித்தியாசம்.”

அவள் தலையை ஆட்டினாள். உள்ளுக்குள் மட்டும், இதோ ஆரம்பித்துவிட்டார், நாளைக்கு ஏதாவது ஒன்று என்றால் இந்தப் பேச்சைத்தான் எடுத்து நீட்டப்போகிறார் என்று நினைத்துக்கொண்டாள். அவளாகவே ஒரு பாகப்பிரிவினை செய்துகொண்டாள். கத்தி பிடிக்கிற வேலை அவருடையது. லேசர், மெழுகு, க்ரீம் எல்லாம் தன்னுடையது. அவர் எல்லைக்குள் அவள் மூக்கை நுழைப்பதில்லை, தன் எல்லைக்குள் அவரையும் விடுவதில்லை.

கால் முடியை லேசரில் எடுக்கும் வேலை பெருகியபோதுதான் அந்த டப்பா வந்தது. அழகுப் பொருள்கள் விற்கும் ஒருவன் கொண்டுவந்தான். வெள்ளை டப்பா, மேலே எந்தக் கம்பெனியின் பேரும் இல்லை, உள்ளே என்ன எவ்வளவு என்ற விவரமும் இல்லை. “பேரைக் கேக்காதீங்க மேடம், போட்டுப் பாத்துட்டு எங்கிட்ட பேசுங்க,” என்றான். தன் முழங்கையில் போட்டுப் பார்த்தாள். ஊக்கால் குத்தினாலும் தெரியவில்லை. தண்ணீர்க் கேனுக்கு பில் கேட்கிறவள் அதற்குக் கேட்கவில்லை. எல்லாவற்றுக்கும் காகிதம் வைத்திருந்த அந்த அறையில் காகிதம் இல்லாத ஒரே பொருள் அதுதான். மருந்துக்கடை டியூபைவிடப் பல மடங்கு வேகம் என்பது மட்டும் அவளுக்குத் தெரிந்தது. அதை யாரிடமும் சொல்ல வேண்டிய அவசியம் இருப்பதாகத் தோன்றவில்லை.

அந்தப் புதன்கிழமை வந்தவள் அவளுடைய நாத்தனார். கணவனின் அக்கா. கார் ஓட்டக் கற்றுத்தரும் பள்ளி ஒன்றை நடத்துகிறவள். பத்து வருடங்களாகப் பக்கத்து இருக்கையில் உட்கார்ந்து பிரேக், பிரேக் என்று கத்திக் கத்தி, வீட்டில் சாதாரணமாகப் பேசினாலும் ஓங்கிய குரல்தான் வரும். அப்படிப்பட்டவளுக்கு ஊசி என்றால் மட்டும் கை கால் உதறும். முதுகில் இரண்டு கொழுப்புக் கட்டிகள் வெகுநாளாக இருந்தன. உடை உரசி உரசி ஒன்று சிவந்துவிட்டதால் எடுத்தே ஆக வேண்டும் என்றாகிவிட்டது. கூடவே கால் முடியையும் எடுத்துவிடலாம் என்று அவளே முடிவு செய்துவிட்டாள்.

“ரெண்டையும் ஒரே நாள்ல முடிச்சிடு. ரெண்டு நாள் பயப்படறதுக்கு எனக்கு நேரம் கிடையாது.”

“முதல்ல கட்டிய எடுக்கட்டும் அண்ணி. கால இன்னொரு நாள் பாத்துக்கலாமே,” என்றாள் பஞ்சுக்கை. அப்போது அவள் மனதில் இருந்தது மருந்து இல்லை, தன் வேலைச்சுமைதான்.

“ஊருக்கெல்லாம் வலிக்காம செய்யறியாம். சொந்த நாத்தனாருக்கு வாய்தாவா? வலிச்சுதுன்னு வை, உன் புருஷன்கிட்ட இல்ல, உன் வாடிக்கையாளர்கிட்டயே போய்ச் சொல்லுவேன்.”

விளையாட்டாகத்தான் சொன்னாள். ஆனால் அந்த வீட்டில் நாத்தனார் சொல் அம்பலம் ஏறும் சொல். மருமகளாக வந்த நாள் முதல் அவள் வாயிலிருந்து ‘பரவாயில்லை’ என்ற ஒரு வார்த்தையை வாங்க முடியாதவள் பஞ்சுக்கை. இன்று வாங்கிவிடுவது என்று தீர்மானித்தாள்.

முன்னறையில் படுக்கவைத்து, வழக்கமாகப் போடுவதைவிடத் தடிப்பாக, தொடையிலிருந்து கணுக்கால் வரை இரண்டு கால்களிலும் க்ரீமைப் பூசினாள். டப்பாவை வழித்து எடுத்தாள். அதன் மேல், சாப்பாட்டை மூடி வைக்கும் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் சுற்றினாள். அப்போதுதான் ஆழமாக இறங்கும் என்பது அவளாகக் கண்டுபிடித்த கைப்பக்குவம். ஏசிக் குளிரில் நாத்தனார் நடுங்கினாள். பயமோ குளிரோ தெரியவில்லை. மின்சாரத்தில் சூடேறும் போர்வையை எடுத்து இடுப்பு வரைக்கும் போர்த்திவிட்டாள்.

“இதமா இருக்குடி. தூக்கமே வருது,” என்றாள் நாத்தனார். அவளை ‘டி’ போட்டுக் கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. பஞ்சுக்கைக்கு உச்சி குளிர்ந்துபோயிற்று.

க்ரீம் ஊறும் நேரத்தில் கட்டியை முடித்துவிடலாம் என்று அவளே ஏற்பாடு செய்தாள். டாக்டருக்கு முன்னறையில் என்ன நடந்தது என்று தெரியாது. நாத்தனாரை அப்படியே போர்வையோடு உள்ளறைக்கு நடத்திக் கொண்டுபோய்க் குப்புறப் படுக்கவைத்து, போர்வையை மறுபடியும் கால்களின் மேல் இழுத்து, மின்கம்பியைச் செருகிவிட்டாள். டாக்டர் பார்த்தபோது முதுகு மட்டும் தெரிந்தது.

அவர் தன் வழக்கப்படி எடை பார்த்ததைச் சரிபார்த்தார். அந்த எடைக்கு எவ்வளவு மருந்துவரை போகலாம் என்று சின்ன வெள்ளைப் பலகையில் எழுதினார். ஒவ்வொரு முறையும் அப்படி எழுதாமல் ஊசியைத் தொடமாட்டார். எழுதிவிட்டுக் கேட்டார்.

“இதயத்துல, ஈரல்ல ஏதாவது பிரச்சினை?”

“என்கிட்ட வண்டி கத்துக்கிட்டவங்களக் கேளுங்க டாக்டர். இதயமே இல்லன்னு சொல்லுவாங்க.”

“வேற மருந்து, மாத்திரை, களிம்பு ஏதாவது இன்னைக்கு?”

“பயம் ஒன்னுதான் இன்னைக்கு. அதுக்கு ஏதாவது இருந்தா கொடுங்க.”

டாக்டர் சிரித்தார். சிரித்தபடியே பஞ்சுக்கையைப் பார்த்தார். அந்தக் கேள்வி அவளுக்கும் சேர்த்துத்தான் என்பது அவளுக்குப் புரிந்தது. சொன்னால் என்ன ஆகும் என்பதும் புரிந்தது. என்ன க்ரீம் என்பார். டப்பாவைக் காட்டு என்பார். இன்று வேண்டாம், எழுந்திருங்கள் என்று நாத்தனாரை அனுப்பிவிடுவார். முதுகு அவருக்கு, கால் எனக்கு. கால் விவகாரம் முதுகுக்கு எதற்கு?

“எல்லாம் ரெடி சார்,” என்றாள்.

கேட்ட கேள்விக்கு அது பதில் இல்லை. டாக்டர் அதைப் பதிலாக எடுத்துக்கொண்டார்.

அவர் ஊசி போடும்போது நோயாளியைப் பேசவைப்பார். வெட்டிப் பேச்சு என்றுதான் அவள் அதுவரை எண்ணியிருந்தாள். “உங்க ஸ்கூல்ல ரொம்ப மோசமா ஓட்டினது யாரு? சொல்லுங்க,” என்றார். ஊசி முனையை உள்ளே விட்டு, ரத்தம் வருகிறதா என்று கொஞ்சம் பின்னால் இழுத்துப் பார்த்து, மெல்ல மெல்ல அழுத்தினார்.

“ஒரு வக்கீல் வந்தார் டாக்டர். பெரிய வக்கீல். கியர் போடச் சொன்னா என்கிட்ட வாதாடுவார். ஒரு நாள் பெட்ரோல் பங்க்ல காத்து அடிக்கிற மெஷின் மேலயே நேரா ஏத்திட்டார். நான் என் பக்கத்து பிரேக்க மிதிச்சிட்டேன், இல்லன்னா...”

“வலிக்குதா?”

“எங்க வலிக்குது? ஊசி போட்டீங்களா?” குரலில் அசல் ஆச்சரியம் இருந்தது. பஞ்சுக்கை தலையணைப் பக்கம் நின்றபடி தன்னையறியாமல் புன்னகைத்தாள். “அப்புறம் அந்த வக்கீல் இறங்கி, அந்த மெஷின அங்க வச்சது யார் தப்புன்னு...” நாத்தனார் நிறுத்தினாள். “என்ன டாக்டர், வாயில இரும்புச் சாவிய வச்ச மாதிரி இருக்கு?”

டாக்டரின் கை அந்த இடத்திலேயே நின்றது. ஊசியை வெளியே எடுத்துவிட்டார்.

“உதடு எப்படி இருக்கு?”

“உதடா... தடிச்சிருக்கு. பல்லு டாக்டர்கிட்ட போன மாதிரி. காதுல யாரோ...” அவள் சொல்லை முடிக்கவில்லை. பத்து வருடங்களாகத் தெருவின் இரைச்சலைத் தாண்டி ஒலித்த குரல் மெழுகு உருகுவது மாதிரி குழைந்தது. “காதுல... கொசு.”

டாக்டர் பலகையைப் பார்த்தார். ஊசிக் குழலில் மீதி இருந்ததைப் பார்த்தார். எழுதிய அளவில் பாதிகூட உள்ளே போகவில்லை. ஏதாவது ரத்தக்குழாய்க்குள் போய்விட்டதா என்று அவர் முகம் யோசித்தது. ஒவ்வொரு முறையும் பின்னால் இழுத்துப் பார்த்துத்தானே போட்டார்.

“இவ்வளவுல இப்படி வரக்கூடாது.” அவர் பஞ்சுக்கையிடம் திரும்பினார். குரல் உயரவில்லை. “வேற என்ன போயிருக்கு இவங்க உடம்புல?”

விசாரணைத் தாள் ஒன்று அவள் கண்முன் வந்தது. அதில் யாரோ ஏற்கெனவே ஒரு வரியை எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

“சொல்லுங்க. யார் தப்புன்னு கேக்கல. என்ன போயிருக்குன்னு கேக்கறேன்.”

நாத்தனாரின் கன்னம் துடித்தது. கண்ணுக்குக் கீழே ஒரு சின்னத் தசை, பிடித்து இழுத்தது மாதிரி வெட்டி வெட்டி நின்றது. அதைப் பார்த்ததும் பஞ்சுக்கையின் கைதான் முதலில் பதில் சொன்னது. போர்வையைப் பிடித்து இழுத்துத் தரையில் எறிந்தாள். பிளாஸ்டிக் தாளுக்குள் இரண்டு கால்களும் வெள்ளை வெளேரென்று, வேர்த்துப் பளபளவென்று கிடந்தன.

“க்ரீம் சார். ரெண்டு கால்லயும். டப்பா முழுக்க. கடை டியூப் இல்ல, ஸ்ட்ராங்கானது. எவ்வளவு ஸ்ட்ராங்னு எனக்குத் தெரியாது.”

டாக்டர் ஒரு நொடிகூட அவளைத் திட்டுவதற்குச் செலவிடவில்லை. அதுதான் அவளைப் பிற்பாடு தூங்கவிடாமல் செய்தது. “கிழிங்க. தொடைச்சு எடுங்க, ஈரத் துணியால. முதல்ல ஆம்புலன்ஸ். போன ஸ்பீக்கர்ல போட்டு என் பக்கம் வைங்க,” என்றார். அவர் ஏற்கெனவே நாத்தனாரைப் பக்கவாட்டில் புரட்டி, ஆக்சிஜன் குழாயைத் திறந்து முகமூடியை வைத்துக்கொண்டிருந்தார்.

அவள் சுவரில் ஒட்டியிருந்த மருத்துவமனை எண்ணை அழுத்தினாள். பிளாஸ்டிக் தாளைக் கையால் கிழிக்க வரவில்லை. அழகாக, காற்றுப் புகாமல், சுற்றுக்குச் சுற்று இறுக்கிச் சுற்றியிருந்தாள். பல்லால் கடித்துக் கிழித்தாள். ஈரத்துணியால் வழிக்க வழிக்க க்ரீம் வந்துகொண்டே இருந்தது. அவள் விரல்களே மரத்துப்போயின. துணியைப் பிடித்திருக்கிறோமா இல்லையா என்று கண்ணால் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது.

அப்போது வலிப்பு வந்தது. முதலில் கை விறைத்தது. பிறகு உடம்பு முழுவதும் கட்டிலோடு சேர்ந்து அதிர்ந்தது. எலும்பும் சதையுமாக அத்தனை கனமான ஒரு பெண், அதிலும் யாருக்கும் அடங்காத ஒரு பெண், தன் உடம்பு தன் சொல் கேட்காமல் உதறிக்கொண்டிருந்ததைப் பஞ்சுக்கை பார்த்தாள். “கீழ விழாம பிடிங்க. வாயில எதையும் வைக்காதீங்க,” என்றார் டாக்டர். அவசரப் பையைத் திறந்து நாத்தனாரின் கையில் வலிப்பை அடக்கும் மருந்தை ஏற்றினார். ஒலிபெருக்கியில் மருத்துவமனையோடு பேசிக்கொண்டே ஏற்றினார். “மரப்பு மருந்து நஞ்சா ஏறிடுச்சு. வலிப்பு. கொழுப்புக் கரைசல் எடுத்து வாசல்லயே வைங்க. மயக்க மருந்து டாக்டரக் கீழ வரச் சொல்லுங்க. நான் கூடவே வரேன்.”

உதறல் அடங்கியது. அடங்கியபிறகு வந்த அமைதி அதைவிட மோசமாக இருந்தது. டாக்டர் முகமூடியை அழுத்திப் பிடித்து, அதோடு இணைத்த ரப்பர் காற்றுப் பையைப் பிதுக்கிப் பிதுக்கி அவளுக்கான மூச்சை அவரே விட்டுக்கொண்டிருந்தார்.

“அண்ணி,” என்றாள் பஞ்சுக்கை. “அண்ணி, வக்கீல் என்ன சொன்னார்? சொல்லுங்க.”

குறுகலான படிக்கட்டில் தூக்குப்படுக்கையைச் சாய்த்துத்தான் இறக்க முடிந்தது. கண்ணாடிக் கடைக்காரர் தானாக வந்து ஒரு முனையைப் பிடித்தார். வளைவில் டாக்டர் சுவரோடு உரசிக்கொண்டு இறங்கினார். முகமூடி மட்டும் நாத்தனாரின் முகத்தைவிட்டு விலகவில்லை. அவருடைய முழங்கைச் சட்டை கிழிந்து, தோல் வழன்று, ரத்தம் கசிந்தது. யாரும் கவனிக்கவில்லை. “டப்பாவ எடுத்துக்கிட்டு வாங்க,” என்று மட்டும் கீழிருந்து சொன்னார். அவள் திரும்பி ஓடி, வழித்துத் துடைத்த காலி டப்பாவோடு வண்டியில் ஏறினாள்.

மருத்துவமனையில் அவளை ஒரு கதவுக்கு வெளியே நிறுத்தினார்கள். கதவில் சதுரக் கண்ணாடி. அதன் வழியாக ஒரு திரையும், அதில் ஓடிய பச்சைக் கோடும் தெரிந்தன. கோடு சோம்பலாக, அகல அகலமாக ஓடியது. அவள் படித்த புத்தகங்களில் அது எப்படி இருக்க வேண்டும் என்று போட்டிருந்த படம் நினைவுக்கு வந்தது. இது அப்படி இல்லை.

மயக்க மருந்து டாக்டர் ஒரு நடுவயதுப் பெண். மரப்பு மருந்தை ரத்தத்திலிருந்து இழுத்துக்கொள்ளும் அந்தப் பால் போன்ற கொழுப்புக் கரைசலை ஒரு பையில் தொங்கவிட்டு, இன்னொன்றைக் குழலால் நேராகக் கையில் ஏற்றிவிட்டு, கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டினார்.

“இந்த டப்பால என்ன மருந்து, எத்தனை சதவீதம்?”

“தெரியாதும்மா. வித்தவன்கிட்ட கேக்கறேன்.”

கேட்டாள். விற்றவன் முதலில் சிரித்தான். மருத்துவமனை என்று சொன்னதும் சிரிப்பு நின்றது. “எந்த டப்பா மேடம்? நான் உங்களுக்கு ஃபேஷியல் க்ரீம்தானே கொடுத்தேன். பில் இருக்கா உங்ககிட்ட?” என்றான். அவனே தொடர்பைத் துண்டித்தான். மறுபடியும் அழைத்தபோது போன் அணைக்கப்பட்டிருந்தது.

“சொல்லமாட்டேங்கறான்,” என்றாள் கதவிடம்.

“சரி. நாங்க டப்பாவுக்கு வைத்தியம் பாக்கல, ஆளுக்குத்தான் பாக்கறோம்.” அந்த அம்மாள் கதவைச் சாத்தப் போனவர் நின்றார். “முதுகுக்கு ஒரு அளவு, காலுக்கு ஒரு அளவுன்னு உடம்புல ரெண்டு பாத்திரம் இல்லம்மா. எங்க போட்டாலும் ஒரே ரத்தத்துலதான் போய்ச் சேருது. அதுக்கு மேல பிளாஸ்டிக் சுத்தி, சூடும் வச்சா, தோல் குடிச்சிக்கிட்டே இருக்கும்.”

கதவு மூடிக்கொண்டது.

நடைபாதையின் மறுகோடியில் புதன்கிழமை டாக்டர் உட்கார்ந்திருந்தார். கைகள் முழங்கால்களின் மேல் கிடந்தன. அவள் போய்ப் பக்கத்தில் உட்காரவில்லை, எதிர்ச் சுவரில் சாய்ந்து நின்றாள். அவர் அவளைப் பார்த்து, “போர்வைய நான் தூக்கிப் பாத்திருக்கணும்,” என்றார். திட்டியிருந்தால் பதிலுக்கு நாலு வார்த்தை தயாராக இருந்தது. வாழ்நாளெல்லாம் தயார்ப்படுத்தி வைத்த வார்த்தைகள். இவர் அவற்றைச் சொல்ல இடமே கொடுக்கவில்லை.

கணவன் வேலையிலிருந்து நேராக வந்தான். மூச்சு வாங்கியது. “அக்காவுக்கு என்ன? டாக்டர் ஊசி ஒத்துக்கலன்னு கீழ சொன்னாங்க. யார் அந்த ஆளு?” என்றான். எதிரே உட்கார்ந்திருந்தவர்தான் என்று அவனுக்குத் தெரியாது. டாக்டர் எழுந்து வாயைத் திறப்பதற்குள் கதவு திறந்தது. பச்சைக் கோடு குறுகலாக, சுறுசுறுப்பாக ஓடத் தொடங்கியிருந்தது. “மூச்சு அவங்களே விடறாங்க. கண்ண முழிச்சு யாரையோ பிரேக் போடச் சொல்றாங்க,” என்றார் மயக்க மருந்து டாக்டர். கணவன் சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதான். பஞ்சுக்கை அழவில்லை. அந்த நிம்மதியில் எல்லாரும் எல்லாவற்றையும் மறந்தார்கள். அக்காவுக்கு என்ன ஆயிற்று என்று கணவன் கேட்ட கேள்வி அப்படியே நின்றது.

மறுநாள் காலையில் நாத்தனார் படுக்கையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். நாக்கில் கடிபட்ட காயம் இருந்ததால் பேச்சு கொஞ்சம் தத்தியது. அதனால் குறைவாகப் பேசினாள் என்று சொல்வதற்கில்லை. வீட்டுக்கு அனுப்பும் தாளைக் காலை முறைக்கு வந்த நர்ஸ் நிரப்பிக்கொண்டிருந்தாள். பஞ்சுக்கையின் கணவன் ஜன்னலோரம் நின்று, புதன்கிழமை டாக்டர் மேல் எங்கே புகார் கொடுப்பது என்று யாரிடமோ போனில் விசாரித்துக்கொண்டிருந்தான்.

“எழுதிக்கோம்மா,” என்றாள் நாத்தனார் நர்ஸிடம். “மரப்பு ஊசி எனக்கு ஆகாது. ஒவ்வாமை. பெரிசா எழுது, யாரும் மறந்துடக் கூடாது. கடைவாய்ப் பல்லு ரெண்டு வேற பிடுங்கணும். என்ன பண்றது, இனிமே பல்லக் கடிச்சுக்கிட்டுப் பிடுங்க வேண்டியதுதான். கடிக்கப் பல்லு இருக்கற வரைக்கும்.”

நர்ஸ் சிரித்துக்கொண்டே சிவப்புப் பேனாவை எடுத்தாள். ஒவ்வாமை என்ற கட்டத்தில் முதல் எழுத்தைப் போட்டாள்.

பஞ்சுக்கை அந்தப் பேனாவைப் பார்த்தாள். விட்டுவிட்டால் போதும். எல்லாருக்கும் புரிகிற ஒரு காரணம் தாளில் ஏறிவிடும். உடம்புக்கு ஆகவில்லை, யார் என்ன செய்ய முடியும். அதன் பிறகு நாத்தனார் எந்த டாக்டரிடம் போனாலும் அந்தச் சிவப்பு எழுத்து முன்னால் போகும். பல்லுக்கும் தையலுக்கும் மரப்பு மருந்து கொடுக்கப் பயப்படுவார்கள். ஊசி முனையைக் கண்டாலே நடுங்குகிறவள் வெறும் சதையில் வெட்டு வாங்குவாள். சாகும்வரைக்கும்.

“அப்படி எழுதாதீங்க சிஸ்டர்.”

எல்லாரும் திரும்பினார்கள். கணவன் போனைக் காதிலிருந்து இறக்கினான்.

“ஊசி உங்களுக்கு ஆகும் அண்ணி. நல்லாவே ஆகும். டாக்டர் போட்டது பாதி அளவுகூட இல்ல. நான்தான் கால்ல க்ரீமை அளவு தெரியாம அப்பினேன். அதுவும் அதே மருந்துதான். அவர் வேற ஏதாவது போட்டிருக்கான்னு கேட்டார். நான் சொல்லல.”

“தெரியாம சொல்லலயா?” என்றான் கணவன். கேள்வியாகக் கேட்கவில்லை, அவளுக்கு ஒரு வழியைத் திறந்துவிட்டான்.

“தெரிஞ்சுதான் சொல்லல.”

நர்ஸ் பேனாவைக் காற்றில் பிடித்தபடி இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். “அப்ப இதுல நான் என்ன எழுதறது?”

“மருந்து அளவு மீறிப் போச்சுன்னு எழுதுங்க. ஒவ்வாமை இல்லன்னு எழுதுங்க. யார் போட்டதுன்னும் எழுதுங்க.”

“யார் போட்டதுன்னு எழுத இதுல கட்டம் இல்லைங்களே,” என்றாள் நர்ஸ். சிவப்பு எழுத்தை அடித்துவிட்டு, பக்கத்தில் கையெழுத்துப் போட்டு, பெரிய டாக்டரைக் கேட்டு வருவதாகச் சொல்லி வெளியே போய்விட்டாள்.

நாத்தனார் போர்வைக்குள்ளிருந்து ஒரு காலை வெளியே நீட்டி அதையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“எவ்வளவு போட்ட?”

“டப்பா முழுக்க.”

“எனக்குன்னா மட்டும் கை தாராளம்.” காலை உள்ளே இழுத்துக்கொண்டாள். “இவ்வளவுக்கும் ஒரு முடிகூடப் போகல. அது தெரியுமா உனக்கு?”

பஞ்சுக்கை தலையைக் குனிந்துகொண்டாள். சிரிக்கலாமா என்று தெரியவில்லை. சிரிக்கவில்லை.

“டேய், போன வை,” என்றாள் நாத்தனார் தம்பியிடம். “புகாரும் வேண்டாம் பஞ்சாயத்தும் வேண்டாம்.” பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டு, திரும்பாமலே சொன்னாள். “அந்த டாக்டர் நம்பர் உன்கிட்ட இருக்கில்ல? போட்டுக் கொடு. முதல்ல அவர்கிட்ட பேசறேன். உன்கிட்ட அப்புறம் பேசறேன்.”

பஞ்சுக்கை கைப்பையைத் திறந்து போனை எடுத்து டாக்டரின் எண்ணை அழுத்தினாள். அழைப்பு போய்க்கொண்டிருந்தது. அதை நாத்தனாரின் கையில் வைத்துவிட்டு, கட்டிலைவிட்டு ஓரடி விலகி, எப்போது கூப்பிட்டாலும் காதில் விழும் தூரத்தில் நின்றுகொண்டாள்.